4.7 கேட்டால் 4.45 தரும் பிராசஸர்: எதில் பணம் போடலாம், எதில் போடக் கூடாது

கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரலான பயாஸில், பிராசஸரின் வேகத்தை 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று குறித்தாயிற்று. ரெண்டர் (தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் வேலை) ஓடும்போது திரையில் தெரிவதோ 4.45. சில நாட்களில் அதுவும் நிலைக்காமல் இயந்திரம் தானாக அணைந்து மறுபடி எழுந்துகொள்கிறது. கும்பகோணத்தில் திருமண வீடியோ தொகுக்கும் நண்பரின் ஸ்டுடியோவில் இருக்கும் ரைசன் 5 5600எக்ஸ் கணினியின் நிலைமை இது. தை முகூர்த்தங்கள் தொடங்குமுன் இதற்கு ஒரு வழி செய்துவிட வேண்டும் என்கிறார். வோல்டேஜைக் கூட்டலாம், நல்ல கூலர் வாங்கலாம், அறைக்கு ஏசி போடலாம், மதர்போர்டையோ பிராசஸரையோ மாற்றலாம், வந்தவரை போதும் என்று விட்டும் விடலாம். யாரிடம் கேட்கிறாரோ அவர் தம் கடையில் இருக்கும் பொருளையே மருந்தாகச் சொல்கிறார்.

ஓர் ஓவர்கிளாக், அதாவது தயாரித்தவர் வைத்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டும் முயற்சி, இலக்கை எட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று தடைகளில் ஒன்றுதான் காரணம்: வெப்பம், மின்வரம்பு, அல்லது அந்தச் சில்லின் இயல்பான எல்லை. எது தடுக்கிறது என்று தெரியாமல் வாங்கும் எந்தப் பொருளும் வீண் செலவு. வெப்பம் தடுக்கும் இடத்தில் மதர்போர்டு உதவாது. சில்லின் எல்லை தடுக்கும் இடத்தில் விலையுயர்ந்த நீர்க் கூலரும் உதவாது.

அதற்கும் முன்னால், வேகம் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வேலையே இல்லாதபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ஓவர்கிளாக் போய்விட்டது' என்று பதறுகிறவர்கள் உண்டு. சும்மா இருக்கும் பிராசஸர் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். விண்டோஸின் பவர் பிளானில் பிராசஸரின் உச்ச நிலை 99 சதவீதம் என்று யாராவது வைத்திருந்தால் சுமை வரும்போது வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் 'பூஸ்ட்' முழுவதுமே நின்றுவிடும். இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. இன்னொன்று, 100 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அடிப்படைக் கடிகாரம் 99.8 ஆக ஓடினால், 47 மடங்கு பெருக்கி 4.69 என்றே காட்டும். அதை விரட்டிக்கொண்டு போக வேண்டாம்.

உண்மையில் பார்க்க வேண்டிய எண் வேறு. எச்.டபிள்யூ.இன்ஃபோ நிரலில் ஒவ்வொரு கோருக்கும் (பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகு) 'எஃபெக்டிவ் கிளாக்', அதாவது உண்மையில் கிடைக்கும் வேகம், என்று ஒரு வரிசை இருக்கும். ரைசனில் வோல்டேஜ் போதாதபோது சில்லு செயலிழக்காமல் கடிகாரத் துடிப்பை நீட்டிச் சமாளித்துக்கொள்ளும். அப்போது மேல்வரிசையில் 4.7 என்று கம்பீரமாக நிற்கும், எஃபெக்டிவ் வரிசையில் 4.5 கூட இருக்காது. மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற செய்தியைவிடக் கடைமடை வாய்க்காலில் எவ்வளவு வந்தது என்பதுதான் நாகப்பட்டினத்து விவசாயிக்குக் கணக்கு, இங்கும் அப்படித்தான். ஐயம் இருந்தால், பிராசஸருக்கு மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் என்ற சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள். கடிகார எண் ஏறி மதிப்பெண் ஏறவில்லை என்றால், ஏறியது எண் மட்டும்.

தானாக அணைந்து எழுவதையும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். டெல்டாவில் இது முக்கியம். குறுவைக்கும் சம்பாவுக்கும் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் பல ஊர்களில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. கண நேரம் மின்சாரம் போய்வருவதும் உண்டு. மின்சாரம் நின்றபின் கணினியின் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான். வீட்டு இன்வெர்ட்டர் 'யு.பி.எஸ்.' நிலையில் இல்லாமல் சாதாரண நிலையில் இருந்தால், மாறும் இடைவெளி அதைத் தாண்டிவிடும், கணினி விழும். பழி ஓவர்கிளாக்கின் மேல் விழும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இரண்டு வகை விழுகைக்கும் வரும் என்பதால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. வன்பொருள் பிழையைக் குறிக்கும் 'டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்' என்ற பதிவும் இருந்தால் பிராசஸரைச் சந்தேகிக்கலாம். எந்தக் கோர் தடுமாறியது என்பதற்கான அடையாள எண்ணும் அதிலேயே இருக்கும். அது இல்லாமல், கணினி விழுந்த அதே நேரத்தில் மின்விசிறியும் ஒரு கணம் தளர்ந்திருந்தால், இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள சுவிட்சைப் பாருங்கள். ராமை (தற்காலிக நினைவகம்) இயல்புக்கு மேல் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. வேகமும் இதேபோல் ஆளை ஏமாற்றும். சோதனை முடியும்வரை ராமை இயல்பு வேகத்திலேயே விட்டுவைப்பது நல்லது.

இவற்றை எல்லாம் கழித்த பிறகும் குறை இருந்தால், ரெண்டர் ஓடும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். 5600எக்ஸின் வெப்ப உச்சம் 95 டிகிரி. இயல்பான மின்வரம்பு 76 வாட். வெப்பம் 95ஐத் தொட்டு அங்கேயே நின்றால் தடை வெப்பம். வெப்பம் எண்பதுக்குள் இருந்து வாட் 76இல் முட்டிக்கொண்டு நின்றால் தடை மின்வரம்பு. இரண்டிலும் இடம் இருக்கும்போதே பிழை வந்தாலோ கணினி உறைந்தாலோ, அந்தச் சில்லு அந்த வோல்டேஜில் அதற்கு மேல் போகாது என்று பொருள். நண்பரின் கணினியில் வாட் வரம்பு முன்பே திறந்துவிடப்பட்டிருந்தது. வெப்பம் 95ஐத் தொட்டு அங்கேயே நின்றது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பிராசஸரோடு பெட்டியில் வந்த சிறு கூலரோடு, பிற்பகலில் வேறெப்படி இருக்கும்?

இனி வழிகளுக்கு வருவோம். முதலில் எல்லோருடைய கையும் போவது வோல்டேஜுக்கு. பைசா செலவில்லை, பயாஸில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இருக்கும் வழிகளிலேயே விலை கூடியது இதுதான் என்பேன். சில்லு வெளியிடும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். 4.45 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட் போதுமானதாக இருக்கும் சில்லுக்கு 4.7க்கு 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடுவது 5.6 சதவீதம். வெப்பம் கூடுவது மூன்றில் ஒரு பங்கு. ஏற்கெனவே 95இல் நிற்கும் சில்லுக்கு இதைச் செய்தால் வேகம் ஏறாது, இறங்கும். வெப்பத்துக்கு இடமிருந்து, சில்லின் எல்லைதான் தடை என்று உறுதியான கணினியில் மட்டுமே வோல்டேஜைக் கூட்டுவதற்குப் பொருள் உண்டு. அங்கும் சிறு சிறு படிகளாக ஏற்ற வேண்டும். ஓரிரு படிகளுக்குப் பிறகும் பலனில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும்.

வோல்டேஜ் மிகுதி என்பது வெறும் கோட்பாட்டு அச்சம் இல்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர்கள் சில காலத்துக்குப் பின் நிலைகுலையத் தொடங்கியதும், தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் அதில் காரணமாக இருந்ததை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு (பிராசஸரின் உள் நிரல்) திருத்தமும் இரண்டு ஆண்டு கூடுதல் உத்தரவாதமும் தந்ததும் நினைவிருக்கும். அது தயாரித்தவர் பக்கத்துக் கோளாறு என்பதால் உத்தரவாதம் கிடைத்தது. நாமே எழுதிய 1.4 வோல்ட்டுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஏ.எம்.டி.யின் உத்தரவாதமும் ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை ஏற்பதில்லை.

அடுத்தது கூலர். டெல்டாவில் இதற்குத் தனி எடை உண்டு. காற்றாலும் நீராலும் குளிர்விக்கும் கூலர்கள் அறை வெப்பத்துக்குக் கீழே சில்லைக் கொண்டுபோக முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் சில்லும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். இருபத்திரண்டு டிகிரி அறையில் எடுத்த சோதனையைப் பார்த்துவிட்டு, அக்னி நட்சத்திரத்தில் முப்பத்தாறு டிகிரி அறையில் அதே வேகத்தை எதிர்பார்த்தால் பதினான்கு டிகிரி முதலிலேயே கடனாக நிற்கிறது. 5600எக்ஸோடு வரும் ரேய்த் ஸ்டெல்த் ஓர் அலுமினியக் கட்டியும் விசிறியும்தான். வெப்பக் குழாய்கள் கிடையாது. தயாரித்தவர் குறித்த 65 வாட் வெப்பத் தரத்துக்கு அது போதும், வரம்பைத் திறந்த பிறகு போதாது. நான்கு வெப்பக் குழாயுள்ள ஒற்றைக் கோபுரக் கூலர் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதை மாட்டினால் பத்துப் பதினைந்து டிகிரி குறைவது வழக்கம். இரட்டை விசிறி நீர்க் கூலருக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆறு கோர் பிராசஸருக்கு அந்தக் கூடுதல் பணத்தின் பலன் சொற்பம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் பம்ப் வைத்த எதையும் வாங்க எனக்கு மனம் வருவதில்லை. அது என் தனிப்பட்ட விருப்பம்.

கூலர் வாங்குமுன் பழையதைத் துடைத்துப் பாருங்கள். சம்பா அறுவடையும் தை முகூர்த்தங்களும் ஒரே மாதத்தில் வருவது ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு சங்கடம். களத்துத் தூசி, ரைஸ் மில் உமித்தூசி, சாலையில் காயப்போட்ட நெல்லின் சுணை எல்லாம் ஜன்னல் வழியாக வந்து கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சுபோல் அடைந்துகொள்கின்றன. விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், காற்று போகாது. ஊதுகுழாயால் ஊதி, காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினாலே சில கணினிகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் டப்பாவில் விற்கும் வெள்ளைப் பசையை விட்டுவிட்டு, பிராசஸருக்கென்றே வரும் சிறு ஊசிக்குழல் பசையை வாங்குங்கள்.

ஏசி என்ற வழியையும் நேர்மையாக எடைபோட வேண்டும். அறை முப்பத்தாறிலிருந்து இருபத்தாறுக்கு இறங்கினால் சில்லும் ஏறத்தாழ பத்து டிகிரி இறங்கும். கூலர் மாற்றியதற்கு இணையான பலன். ஆனால் நூறு வாட் பிராசஸரைக் குளிர்விக்க ஒரு டன் ஏசியின் ஆயிரம் வாட்டைச் செலவழிக்கிறோம். தொகுப்பவர் உட்கார்ந்து வேலை செய்ய ஏசி தேவை என்றால் வாங்கட்டும், கணினிக்காக வாங்க வேண்டாம். நீண்ட ரெண்டர்களை இரவு பதினொன்றுக்கு மேல் வரிசையில் போட்டுவிட்டுப் போனால், மே மாதத்திலும் வெளிவெப்பம் பெரும்பாலும் முப்பதுக்குக் கீழே வந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தாலே ஏசியின் பலனில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கும். கூரைத் தகட்டில் தேங்கிய சூடு இறங்கச் சற்று நேரம் ஆகும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் வீடியோ கேட்கும் மாப்பிள்ளை வீட்டார் இருக்கும்வரை இது எப்போதும் சாத்தியப்படாது என்பதும் உண்மை.

நான் முதலில் முயலச் சொல்வது வேறொன்று: 4.7 என்ற நிலையான இலக்கையே கைவிடுவது. ஆறு கோர்களையும் ஒரே எண்ணில் பூட்டினால், வாட் வரம்புகள் ஒதுங்கிவிடுகின்றன. கூடவே ஒற்றைக் கோர் வேலைகளில் சில்லு தானாக எட்டும் 4.6க்கு மேற்பட்ட பூஸ்டும் போய்விடுகிறது. 4.5இல் பூட்டிய கணினி ரெண்டரில் சற்று முந்தும், டைம்லைனை இழுத்து வெட்டி ஒட்டும்போது பிந்தும். தொகுப்பவரின் நாளில் பெரும்பகுதி இரண்டாவது வேலையில்தான் போகிறது. இதற்குப் பதிலாக, மின்வரம்பைத் தளர்த்தி வேகத்தைச் சில்லே தேர்ந்துகொள்ள விடும் பி.பி.ஓ. என்ற அமைப்பை இயக்கி, கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் ஒவ்வொரு கோருக்கும் எதிர்மறை எண் கொடுக்கலாம். அதே வேகத்துக்கு அந்தக் கோர் கேட்கும் வோல்டேஜ் குறையும். ஒரு படிக்கு மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட். வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பத்தில் இடம் கிடைத்தால் சில்லு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். வோல்டேஜைக் கூட்டி வேகம் தேடியவர் தோற்ற இடத்தில், குறைத்தவருக்கு வேகம் வருகிறது.

இதன் குறை பொறுமையைக் கேட்பதுதான். எல்லாக் கோருக்கும் ஒரேயடியாக எதிர்மறை 30 வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது; சில்லிலேயே சிறந்தவையெனக் குறிக்கப்பட்ட இரண்டு கோர்கள் பெரும்பாலும் அதைத் தாங்காது, ஏனெனில் அவற்றின் வோல்டேஜ் முன்பே இறுக்கமாக இருக்கும். எதிர்மறை 10இல் தொடங்கி இறங்குவது பாதுகாப்பு. வேடிக்கை என்னவென்றால், இதில் பிழை வருவது முழுச் சுமையில் இல்லை. கணினி ஏறக்குறைய சும்மா இருந்து திடீரென ஒரு கோர் எழும்போதுதான். மூன்று மணி நேரம் சினிபெஞ்ச் ஓட்டித் தேறிவிட்டது என்று நம்பியவருக்கு, பிரௌசரில் பாட்டுக் கேட்கும்போது திரை உறையும். கோர்சைக்ளர் போன்ற, ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் சோதிக்கும் நிரலை ஓர் இரவு ஓடவிட வேண்டும். தடுமாறும் கோருக்கு மட்டும் ஐந்து படி தளர்த்தினால் போதும். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

மதர்போர்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லான சிப்செட் ஏ320, ஏ520 என்றால் ஓவர்கிளாக்கே கிடையாது. பி450, பி550 என்றால் ஆறு கோருக்கு நடுத்தரப் போர்டே போதும். மின்சீராக்கிப் பகுதியின் மேல் வெப்பத்தகடு இல்லாத மலிவுப் போர்டாக இருந்து, அந்தப் பகுதி நூறு டிகிரியைத் தாண்டினால் மட்டும் மாற்றுவதை யோசியுங்கள். அதற்கும் முன்னால் பெட்டிக்குள் ஒரு விசிறி வைத்துப் பாருங்கள்.

இன்டெல் வைத்திருப்பவருக்கு இதே கேள்வியின் விடை சற்று மாறும். அவர்களிடம் 'கே' எழுத்து உள்ள பிராசஸரும் இசட் வரிசைச் சிப்செட்டும் இருக்க வேண்டும். ஐ5 12400இல் பெருக்கி (அடிப்படைக் கடிகாரத்தை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) பூட்டப்பட்டிருக்கிறது. பழைய ஐ7 8700கே வாங்கிய கல்லூரி மாணவர்கள் 5.0 வைத்துவிட்டு, பிரைம்95 என்ற கடும் சோதனை நிரலை ஓட்டினால் 4.7 ஆகிவிடுகிறது என்று புலம்புவதுண்டு. பயாஸில் ஏ.வி.எக்ஸ். ஆஃப்செட் 3 என்று இருக்கும், கடினமான ஏ.வி.எக்ஸ். கட்டளைகள் வரும்போது பெருக்கியை மூன்று குறைக்கச் சொல்லும் அமைப்பு அது. அது குறையே இல்லை. முதலில் ஏறி, அரை நிமிடம் போல் கழித்து இறங்கினால் நீண்டநேர மின்வரம்பு. 8700கேயில் மூடிக்கும் சில்லுக்கும் நடுவே உலோகப் பற்றாசு வைக்காமல் பசை வைத்திருந்தார்கள் என்பதால், எந்தக் கூலர் போட்டாலும் வெப்பம் ஓரளவுக்கு மேல் இறங்காது. அந்தச் சில்லில் கூலருக்குப் பெரும்பணம் போடுவதைத் தவிர்க்கலாம்.

இவ்வளவு மெனக்கெடுவதன் பரிசு என்ன என்ற கணக்கையும் போட்டுவிடலாம். 4.45 உண்மையிலேயே 4.7 ஆனால், வேலை முழுவதும் பிராசஸரின் தோளிலேயே இருந்தால், ஒரு மணி நேர ரெண்டரில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம். ஏற்றுமதியைக் கிராபிக்ஸ் கார்டின் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) செய்தால் மிச்சம் அதைவிடக் குறைவு. மூன்று நிமிடத்துக்கு மூவாயிரம் ரூபாய் என்பது தகுமா என்பது அவரவர் தொழில்; ஆனால் கூலரால் சத்தமும் குறைகிறது, கோடையில் கணினி உறைவதும் நிற்கிறது என்பதால் நான் தகும் என்பேன். பெரிய தாவல் வேண்டுமென்றால் அதே போர்டில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, எட்டுக் கோர் உள்ள 5700எக்ஸ் வைக்கலாம். பழையதை விற்றுவரும் பணத்தைக் கழித்தால் செலவு அச்சுறுத்துவதாக இருக்காது. ரெண்டரில் கிடைப்பது எந்த ஓவர்கிளாக்கும் தராத அளவு.

ஸ்டுடியோக்காரர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும், பலருடைய உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது. புதிய கேமராக்களில் எச்.265, 4:2:2, 10 பிட் என்ற, நிற விவரம் கூடிய வீடியோ வடிவத்தில் பதிவு செய்கிறார்கள். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளால் இந்த வகையை வன்பொருளில் விரிக்க முடியாது. 5600எக்ஸில் உள்ளமைந்த கிராபிக்ஸும் இல்லை. எல்லாச் சுமையும் ஆறு கோர்களின் தலையில் விழுந்து டைம்லைன் திக்கித் திணறும். இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸ் இதை எளிதாக விரித்துவிடும். ஆகவே இந்த வகைக் காட்சிகளையே தினமும் தொகுப்பவருக்கு, 4.7இல் ஓடும் 5600எக்ஸைவிட, ஓவர்கிளாக்கே செய்ய முடியாத ஐ5 12400 வசதியாக இருக்கும். உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத 'எஃப்' எழுத்து வகையைத் தவிர்த்து வாங்க வேண்டும். ப்ராக்ஸி கோப்புகள் (தொகுக்க எளிதான இலகு நகல்கள்) உருவாக்கி வேலை செய்யப் பழகியவருக்கு இந்த மாற்றமும் தேவையில்லை.

கும்பகோணத்து நண்பர் பதிவு செய்வது 8 பிட் என்பதால் அவருக்கு இந்தக் கவலை இல்லை. நான் சொன்ன வரிசை: இந்த வாரம் தூசி, பசை, இன்வெர்ட்டர் சுவிட்ச், அடுத்து ஒற்றைக் கோபுரக் கூலர், மார்கழியில் வேலை குறைந்திருக்கும்போது கர்வ் ஆப்டிமைசர், வோல்டேஜைத் தொடவே வேண்டாம். கூலரைச் சென்னையிலிருந்து வரவழைக்குமுன் கேபினட்டின் உள் அகலத்தை அளந்துகொள்ள வேண்டும், இந்த வகைக் கூலர்கள் பலவும் 155 மில்லிமீட்டர் உயரத்துக்கு அருகில் இருக்கின்றன. பழைய கூலரைக் கழற்றும் நாளில் முதலில் பத்து நிமிடம் ஒரு ரெண்டரை ஓட்டிப் பசையை இளக்கி, கணினியை அணைத்து, திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டுத்தான் தூக்க வேண்டும். 5600எக்ஸ் அமரும் ஏ.எம்.4 சாக்கெட் வகையில் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. குளிர்ந்த பசையோடு நேராக இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிராசஸர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து ஊசிகள் வளைந்துவிடும்.